‘இல்லை’ என்று எழுதுகிற கட்டம்: பாடசாலையில் பிள்ளைகள் அடிபடுவதை அரசாங்கம் கணக்கெடுக்கிறதா?

2025 மே 31, சனி – கேள்வி

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மகன் தரம் 7. போன செவ்வாய் இடைவேளையில் பெரிய வகுப்புப் பையன்கள் மூன்று பேர் பைப்படியில் வைத்து அவனை அடித்திருக்கிறார்கள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதிபரிடம் போனேன். அவர் அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ரெண்டு பிரம்படி போட்டார். “இதோட முடிஞ்சிச்சும்மா, எழுத்துல போட்டா ஸ்கூல் பேரு கெட்டுப்போயிரும்” என்றார். முடியவில்லை. காட்டிக்கொடுத்ததற்காக மறுநாள் திரும்பவும் அடி. இதை எழுதிவைக்க ஒரு புத்தகம்கூடவா இல்லை? அரசாங்கம் இதையெல்லாம் கணக்கெடுக்கிறதா, இல்லையா?

ஜூன் 1, ஞாயிறு இரவு

புத்தகம் இருக்கிறது தங்கச்சி. சம்பவத் திரட்டுப் புத்தகம் என்று பெயர், நாங்கள் லொக் புத்தகம் என்போம். அதிபரின் அலுமாரியில் இருக்கும். பக்க இலக்கம் போட்டது, நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன், எங்கள் பாடசாலையின் சிறுவர் பாதுகாப்புக் குழுவுக்குச் செயலாளரும் நான்தான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். நடந்த நாள், நேரம், இடம், பிள்ளைக்கு என்ன காயம், அதிபரிடம் எப்போது சொன்னீர்கள், மறுநாள் என்ன நடந்தது. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதியோடு பாடசாலை முத்திரை வாங்குங்கள். முத்திரை போடமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் கந்தோரில் தரும் துண்டே போதும்.

பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தோட்டத்து மருந்துக் காம்பராவில் எண்ணெய் போட்டு அனுப்பிவிட்டால் வீக்கம் வற்றும், காயத்துக்கு எழுத்து இருக்காது. அப்புறம் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரையும் பாருங்கள்.

அந்த மூன்று பையன்களை அதிபர் அடித்ததும் தப்பு. பாடசாலையில் பிள்ளையை அடிப்பதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டுவிட்டது.

ஜூன் 2, திங்கள்

கீழே ஒரு தம்பி “சின்னப் பிள்ளைங்க சண்டை, பெரியவங்க தலையிடக்கூடாது” என்று எழுதியிருக்கிறார். மூன்று பேர் சேர்ந்து ஒருவனைப் பிடிப்பது சண்டை இல்லை தம்பி. சண்டை என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்கும்.

ஜூன் 5, வியாழன் இரவு, கரண்ட் இல்லை

நாலு நாளாக மழை. போனில் இருக்கிற சார்ஜில் எழுதுகிறேன். அந்தத் தாய் கேட்ட இரண்டாவது கேள்வி, அரசாங்கம் கணக்கெடுக்கிறதா என்பது, என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டேன். காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு தவணை முடிவிலும் எங்கள் பாடசாலையில் இருந்து ஒரு படிவம் போகும். மாணவர் வரவு, இடைவிலகியவர்கள், மலசலகூடம், தண்ணீர் என்று பல கட்டங்கள். அதில் ஒரு கட்டம், ‘இத்தவணையில் இடம்பெற்ற வன்முறைச் சம்பவங்கள்’. நான் செயலாளராக இருக்கிற நாலு வருடத்தில், தவணைக்குத் தவணை, அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். நீலப் பேனாவால், கட்டத்துக்கு நடுவில், அழகாக.

2023இல் ஒரு தவணை. தரம் 8 பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தான். விரலை எடுக்கச் சொன்னேன். காதுமடலின் உள் மடிப்பில் இரத்தம் காய்ந்து, கறுப்பு நூல் ஒட்டியதுபோல இருந்தது. யார் என்று கேட்டேன். “வுழுந்துட்டேன் டீச்சர்.” விழுந்தால் முழங்கால் சிராய்க்கும், உள்ளங்கை சிராய்க்கும். காதுமடல் எப்படிக் கிழியும்? இதைக் கேட்கத் தெரிந்த எனக்கு, அடுத்த கேள்வி கேட்க நேரம் இல்லை. மணி அடித்துவிட்டது. அந்தத் தவணையின் படிவத்திலும் ‘இல்லை’.

அதிபர் வற்புறுத்தினார் என்று சொல்லமாட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எண் எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், ‘இல்லை’ என்று எழுதினால் ஒன்றும் வராது. இது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். மேலே கூட்டிப் பார்க்கிறவர்களுக்குக் கல்வி வலயம் முழுக்க அமைதியாகத் தெரியும். ஆக, தங்கச்சி, கணக்கெடுக்கிறார்கள். என்னைப் போன்றவர்களிடம் இருந்து எடுக்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு திருத்தம். ஜூன் 1இல் நான் எழுதியதில் ஒரு வரி பிழை. கண்டியில் சட்டம் படிக்கும் ஒரு தங்கை எடுத்துச் சொன்னார், நானும் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன்.

2005இன் 23ஆம் இலக்கச் சட்டம் நீக்கியது நீதிமன்றம் விதிக்கிற கசையடியை. பாடசாலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பாடசாலைக்கு அதே 2005இல் வந்தது கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை. பிறகு 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை. இரண்டும் அடிக்காதே என்கின்றன. ஆனால் சுற்றறிக்கை வேறு, சட்டம் வேறு. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் ஆசிரியருக்குத் தண்டிக்கும் உரிமை உண்டு என்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 341ஆம் பிரிவில் ஓர் உதாரணமே இருக்கிறது: ஆசிரியர் தன் மாணவனை நியாயமான அளவில் அடித்தால் அது சட்டவிரோதமான பலாத்காரம் ஆகாது என்று. வெள்ளைக்காரன் காலத்து வரி. அதே கோவையில் 1995இல் 308ஏ பிரிவைச் சேர்த்து, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கினார்கள். ஒரே புத்தகத்தில் இரண்டும் இருக்கின்றன.

ஆனாலும் கை விரிக்க வேண்டாம். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. மாத்தறை மாவட்டத்தில், 2017இல், 15 வயதுப் பையன் ஒருவனை ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் ஒரு காதின் கேட்கும் சக்தி போய்விட்டது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, அதாவது சித்திரவதைக்கும் கொடூரமான நடத்தைக்கும் ஆளாகாமல் இருக்கும் உரிமை, மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொல்லி, ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்றது. அரசு கொடுக்க வேண்டும் என்ற இடத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். அறைந்த கைக்கு மட்டும் பொறுப்பு இல்லை, அந்தக் கையை அங்கே வைத்திருந்தவர்களுக்கும் பொறுப்பு.

அரச ஆசிரியரோ அதிபரோ அடித்திருந்தால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அவர்கள் விசாரிக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அவர்களுடைய பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நம்மவர்கள் “பார்ப்போம், பார்ப்போம்” என்று இரண்டு சம்பள நாளைக் கடத்திவிடுவோம். அதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

ஜூன் 10, பொசன் போயா

இன்று லீவு. ஒரு நாள் முழுக்க மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று தேடிப் படித்தேன். ‘இல்லை’ என்று எழுதுகிற நோய் நமக்கு மட்டும் இல்லை.

பிரான்சில் 2001இல் ‘சிக்னா’ என்று ஒரு கணினி முறை கொண்டுவந்து, பாடசாலை பாடசாலையாக வன்முறைச் சம்பவங்களைப் பதியச் சொன்னார்கள். 2006இல் ஒரு வார இதழ் அந்தக் கணக்கை வாங்கி, எந்தப் பாடசாலை மோசம் என்று வரிசைப்படுத்திப் போட்டுவிட்டது. உண்மையாகப் பதிந்தவர்கள்தான் பட்டியலின் உச்சியில். அதிபர்கள் பதிவதையே நிறுத்தினார்கள், அந்த முறையையே கைவிட வேண்டி வந்தது. அடுத்த வருடம் வேறொன்று கொண்டுவந்தார்கள். அதில் மாதிரிக்குச் சில பாடசாலைகளிடம் மட்டும் கேட்பார்கள், பாடசாலையின் பெயர் வெளியே வராது.

அமெரிக்காவில், ஜோர்ஜ் புஷ் காலத்துக் கல்விச் சட்டம் ஒன்று, ஒவ்வொரு மாநிலமும் ‘தொடர்ந்து ஆபத்தான பாடசாலை’ எவை என்று அறிவிக்க வேண்டும் என்றது. அளவுகோலை மாநிலமே வைத்துக்கொள்ளலாம். விளைவு, பெரும்பாலான மாநிலங்கள் ஒரு பாடசாலையைக்கூட அந்தப் பட்டியலில் போடவில்லை.

தென் கொரியாவில் 2011 டிசம்பரில் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் ஒரு பையன் உயிரை விட்ட பிறகு, 2012 முதல் தரம் 4இலும் அதற்கு மேலும் உள்ள எல்லாப் பிள்ளைகளிடமும் நேரே கேட்கிறார்கள். ஆசிரியர் வழியாக இல்லை, பிள்ளை தானே கணினியில் பதில் போடுகிறது.

என்னை உட்காரவைத்தது ஜப்பான்தான். 2013இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பிள்ளை மனதாலோ உடம்பாலோ வேதனைப்பட்டால் அது கொடுமை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அடித்தவன் விளையாட்டுக்குத்தான் செய்தான் என்பது அங்கே எடுபடாது. 2023 நிதியாண்டில் அங்கே பதிவான கொடுமைச் சம்பவங்கள் 732,568. அந்த எண்ணைப் பார்த்ததும் ‘ஐயோ’ என்றேன். ஆனால் அந்த நாட்டுக் கல்வி அமைச்சு எண் கூடுவதை ஆசிரியர்கள் கண் திறந்து பார்ப்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பாடசாலை பூச்சியம் என்று சொன்னால், அந்தப் பூச்சியத்தைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பகிரங்கமாக அறிவித்து, சரியா என்று அவர்களிடமே கேட்கச் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். “இந்தத் தவணையில் இங்கே ஒரு பிள்ளையும் அடிபடவில்லை” என்று எங்கள் அறிவித்தல் பலகையில் ஒட்டினால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நிற்கிற தாய்மார் என்ன சொல்வார்கள்?

ஜூன் 11, புதன்

“ஜப்பானும் நம்மளும் ஒண்ணா டீச்சர்” என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். ஒன்று இல்லை அண்ணே. ஆனால் அறிவித்தல் பலகை நம்மிடமும் இருக்கிறது, ஒரு தாள்தான் செலவு.

ஜூன் 16, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நானும் அடித்திருக்கிறேன். 2015இல் ஆசிரிய உதவியாளராக வந்தேன். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு. பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்குமே பத்தாது. ஒரே மண்டபத்தில் தரம் 3, 4, 5. நடுவில் சுவர் இல்லை, கரும்பலகைதான் சுவர். அந்தப் பக்கம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் பாட்டு. பிரம்பு வாங்கவும் தேவையில்லை. கவ்வாத்து வெட்டின மலையில், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த இடத்தில், மிலாறு என்கிற வெட்டின குச்சிகள் கிடக்கும், பிள்ளைகளே ஒடித்துக்கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். நல்ல கம்பாக, கணு இல்லாத கம்பாகப் பார்த்துக் கொண்டுவருவார்கள். தங்களை அடிக்கப்போகிற கம்பை.

கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் விட்டேன். அதுவும் ஒரே நாளில் இல்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் அந்தக் காது கிழிந்த பையன். அவன் ஏன் ‘விழுந்துட்டேன்’ என்றான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, பெரிய பையன்களுக்குப் பயம் என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவன் தரம் 3இல் என் வகுப்பில் இருந்தவன். நான் கம்போடு நின்றதைப் பார்த்தவன். அடியைப் பற்றி அடிக்கிறவளிடம் வந்து சொல்ல அவனுக்கு என்ன பைத்தியமா? சொன்னால் அடித்தவனுக்கும் அடி விழும், சொன்னவனுக்கும் ஒன்று விழும் என்பது அவன் அனுபவம். கேள்வி கேட்ட தங்கச்சியின் மகனுக்கும் அதுதானே நடந்தது?

சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக ஆறு மாவட்டங்களில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய தவணையில் ஒரு தடவையாவது பாடசாலையில் அடி வாங்கியதாகச் சொன்ன மாணவர்கள் 80.4 வீதம். ஐந்தில் நாலு பேர். சுற்றறிக்கை வந்து பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. இந்தப் பிள்ளைகளிடம் போய் “யாராவது அடித்தால் ஆசிரியரிடம் சொல்லு” என்று சுவரில் எழுதிவைக்கிறோம்.

மாணவர்களுக்குள் நடக்கிற வன்முறை வேறு, ஆசிரியர் அடிப்பது வேறு என்று இரண்டு கோப்பாக வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் உடம்பில் அது ஒரே கோப்புத்தான்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு சிலர் என்னைத் தேற்றினார்கள், சிலர் ஏசினார்கள். “அடிக்காமல் வளர்த்த பிள்ளை உருப்படுமா, எங்கப்பா அடிச்சதாலதான் நான் மனுஷனானேன்” என்று நாலைந்து பேர். எங்கப்பாவும்தான் அடித்தார். நான் மனுஷியானது என் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டிக் கொடுத்து அனுப்பியதால்.

தமிழ்நாட்டில் எப்படி என்று கேட்டவருக்கு: அங்கே கல்வி விதிகளில் இருந்து அடிக்கும் தண்டனையை 2003இலேயே எடுத்துவிட்டார்கள். 2009இல் இந்தியா முழுவதுக்குமான கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் தடுக்கிறது. சட்டம் வந்ததும் கம்பு மறைந்துவிடவில்லை என்றுதான் அங்குள்ள என் சித்தி மகள் சொல்கிறாள். ஆனால் தாய் போய்க் கேட்கும்போது, காட்டுவதற்கு ஒரு சட்டம் அவள் கையில் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

கொரியாக்காரன் கேட்டதுபோல நானும் கேட்டுப் பார்த்தேன். கணினி இல்லை, பழைய பிஸ்கட் டின் இருந்தது. மூடியில் ஓட்டை போட்டேன். தரம் 7, 8 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். பெயர் வேண்டாம், அடித்தவன் பெயரும் வேண்டாம். இந்தத் தவணையில் உன்னை யாராவது அடித்தார்களா, எங்கே வைத்து, அவ்வளவுதான். எழுத ஒன்றும் இல்லாதவர்கள் பூ படம் வரைந்து போடச் சொன்னேன். இல்லாவிட்டால் யார் பேனா அசைகிறது என்று பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான்.

வீட்டில் குப்பி விளக்குப் பக்கத்தில் பிரித்துப் பார்த்தேன். பைப்படி இருந்தது, மலசலகூடத்துப் பின்பக்கம் இருந்தது, எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது: பாதிக்கு மேல் பாடசாலைக்குள்ளேயே இல்லை. “பாலத்துக்கு அந்தப் பக்கம்.” “மேட்டு லயத்துக் குறுக்குப் பாதை.” “பஸ்ல கடைசி சீட்டு.” ஒரு துண்டில், “தேயிலைக்குள்ள, யாருக்கும் தெரியாது.” கேட்டுக்கு வெளியே நடப்பது பாடசாலைக் கணக்கில் வராது. தோட்டத்துக் கணக்கிலும் வராது. பொலிஸ் வரை போகிற அளவுக்குப் பெரிதும் இல்லை. இரண்டு கிலோமீற்றர் தேயிலைக்குள் நடந்து வருகிற பிள்ளைக்கு அந்தப் பாதையும் பாடசாலைதான், எந்தப் படிவத்திலும் அது இல்லை.

ஒரு துண்டில் இடம் எழுதவில்லை. “டீச்சர் நீங்க இப்ப அடிக்கிறதில்ல” என்று மட்டும் இருந்தது. அதை வேறாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு நாங்கள் செய்தது, பாடசாலை விட்டதும் மேட்டு லயத்து வீடுகள் பக்கம் போகிற ஆசிரியர் இருவர் கடைசிப் பிள்ளையோடு சேர்ந்து நடக்கிறோம். பைப்படியில் இடைவேளைக்கு ஒருவர் நிற்கிறோம்.

ஜூன் 30, திங்கள்

ஜூன் தொடக்கத்திலேயே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். 14 வேலை நாளுக்குள் தருகிறோம், மறுக்கிறோம் என்று ஏதாவதொரு முடிவு சொல்ல வேண்டும். நான் கேட்டது: 2024இல் பாடசாலைகளில் இருந்து அறிவிக்கப்பட்ட வன்முறைச் சம்பவங்கள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. பதில் வந்தது, தமிழில், ஒரே வரி. அவ்வாறான தகவல் தொகுக்கப்படவில்லை.

அப்படியென்றால் நான் நாலு வருடமாக எழுதிய ‘இல்லை’யை யாரும் கூட்டக்கூட இல்லை. மேன்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

கேள்வி கேட்ட தங்கச்சி நேற்று எழுதியிருந்தார். கடிதம் கொடுத்தார், முத்திரை வாங்க மூன்று தடவை நடந்தார், மூன்று நாள் சம்பளம் போனது. பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி ஒப்பமிடச் சொன்னார்களாம். இவர் பேனாவை வாங்கவில்லை. “தமிழ்ல எழுதிக் குடுங்க, வாசிச்சிட்டுப் போடுறேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தமிழ் அரச கரும மொழியாகி 1987இல் இருந்து எத்தனை வருடம், ஒரு தாய் இன்னும் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது. மாலை நாலரைக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து எழுதினாராம். மகனின் கை சரியாகிவிட்டது. பாடசாலைக்குப் போகிறான், பைப்படிக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறானாம். வீட்டில் இருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிறான்.

ஜூலை 12, சனி

வெள்ளிக்கிழமை இந்தத் தவணையின் படிவத்தை நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் 4 என்று எழுதினேன். டின்னில் விழுந்த துண்டுகள் அதைவிடக் கூட. திகதியும் சாட்சியும் உள்ளவை நாலு. கீழே சிறிய எழுத்தில், பாதையில் நடப்பவை இதில் சேரவில்லை என்றும் எழுதினேன்.

அதிபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக வாசித்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் பேனா நின்றது.

“நாலுன்னு போட்டா கேள்வி வருமே டீச்சர்.”

“வரட்டும் சேர். லொக் புத்தகத்துல நாலும் இருக்கு.”

எழுந்து போய் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். நாலையும் வாசித்தார். மூன்றாவதில் பிள்ளையின் தரம் பிழையாக இருந்தது, திருத்தி ஒப்பமிட்டார். அப்புறம் படிவத்திலும் ஒப்பமிட்டு, முத்திரையை இரண்டு தடவை ஊதிவிட்டுக் குத்தினார்.

ஒரு மணி பஸ்ஸில் அது போய்விட்டது. விளக்கம் கேட்டு ஏதாவது வந்தால் இங்கே எழுதுகிறேன்.